புலிப் படம் போட்ட பிள்ளையின் பாட்டை ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு

 

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பிடித்த ஐந்து அல்பங்களின் பெயரை இங்கே எழுதியிருந்தேன். வழமையாக என் பதிவுக்கு வருகிற லைக்கை விரல்விட்டு எண்ணலாம். இந்த முறை கருத்துகள் வந்து குவிந்துவிட்டன. அதில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். ஒரு நானா மறைக்காமல் எழுதினார்: "சேர், அந்தப் புலிப் புள்ளட பாட்டயா நீங்க கேக்கிற? நீங்க எருக்கலம்பிட்டிதானே?" இன்பொக்ஸில் ஒரு மௌலவி நண்பர், கனிவாகத்தான், இசையே எதற்கு என்று கேட்டார். மூன்றாவது கேள்வியை ஒரு தகப்பன் மீன் சந்தையில் வைத்து நேரில் கேட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

பதில் நீளும். வேலை இருக்கிறவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்துகிறேன். மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம். வெளி உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 1975 இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986 இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டன் திரும்பியவர். தகப்பன் அருளர், ஈரோஸ் இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். ஈரோஸ் வேறு, நானாவின் மனதில் இருக்கிற இயக்கம் வேறு. ஊரில் ஐம்பது தாண்டியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை, இளசுகளுக்குத் தேவை. ஆனாலும் நானா சும்மா சொல்லவில்லை. மாயா பாட்டுக்கு வருவதற்கு முன் ஓவியம் படித்தவர். அவருடைய படங்களிலும் "கலாங்" பாட்டின் வீடியோவிலும் புலி இருக்கிறது, பனை இருக்கிறது, டாங்கி இருக்கிறது. நமது கண் முதலில் போய் நிற்கிற இடம் அந்தப் புலிதான். வேறெங்கே போகும்?

அல்பம் என்றால் என்ன என்றும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நமக்குப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு, இல்லாவிட்டால் நாகூர் ஹனீபா. மன்னாரில் ரேடியோவைத் திருப்பினால் கொழும்புக்கு முன் இந்தியாக்காரன் பிடிக்கும், அவனும் சினிமாப் பாட்டுத்தான் போடுவான். அதற்கு வெளியே நமது நாட்டிலேயே ஒரு காலம் இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் என்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பைலா மெட்டில் தமிழ் பாடிய பொப் காலம். "சுராங்கனி" தெரியாத ஆள் நம்மில் யாரும் இல்லை. ஆனால் அவை தனித்தனிப் பாட்டுகளாகவே நம்மிடம் வந்தன. அல்பம் என்பது நாற்பது, ஐம்பது நிமிடம், பத்துப் பன்னிரண்டு பாட்டு, எது முதல் எது பிறகு என்று யோசித்து அடுக்கியது. நடுவில் ஒன்றைப் பிடுங்கிக் கேட்டால் கேட்கலாம், நாவலில் ஏழாம் அத்தியாயத்தை மட்டும் வாசிக்கிற மாதிரி.

எனக்கு இந்தப் பழக்கம் கல்வியியற் கல்லூரி விடுதியில் வந்தது. அறை நண்பன் ஒருவன் தன் மெமரி சிப்பை என் போனில் போட்டு ஒரு போல்டரையே கொப்பி பண்ணித் தந்தான். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற, தொழுகையும் தவறாத, கிட்டாரும் வாசிக்கிற அபூர்வமான பிறவி. அந்தப் போல்டரில்தான் தி கிளாஷ், ரேடியோஹெட், கெட் ஸ்டீவன்ஸ் எல்லாம் இருந்தார்கள். எம்.ஐ.ஏ.யும் இருந்தார்.

முதல் அல்பம் "அருளர்", 2005. தகப்பனின் இயக்கப் பெயரையே வைத்திருக்கிறார். அது உண்டான கதை எனக்குப் பிடிக்கும். எலாஸ்டிகா என்ற ரொக் குழுவின் பயணத்தை வீடியோ எடுக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி வைத்திருந்த ஒரு பெட்டியைக் காண்கிறார். ரோலண்ட் எம்சி-505. மேளம், பேஸ், கீபோர்ட் எல்லாம் ஒரே பெட்டிக்குள். சங்கீதம் படிக்காத பிள்ளை அந்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுச் செய்யத் தொடங்குகிறது. அல்பம் வந்த வருடமே பிரிட்டனின் மேர்க்குரிப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம் பிடித்தது.

கேட்டால் உங்களுக்கு முதலில் எரிச்சல் வரும். தகரத்தில் தட்டுகிற மாதிரி ஒரு தாளம். குரல் மெல்லிசு, பாடுவதா பேசுவதா என்று தெரியாது, சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் கத்துகிற மாதிரி ஒரு ராகம். மூன்றாம் தடவைதான் அதற்குள் எவ்வளவு வேகம் இருக்கிறது என்று பிடிபடும். "கலாங்" இன்றைக்கும் பழசாகவில்லை. "சன்ஷவர்ஸ்" பாட்டில் அரசியல் வரி ஒன்றை எடுக்கச் சொல்லி எம்டிவி கேட்டதும் அவர் மறுத்ததும் பெரிய கதையானது. துணிச்சலான அல்பம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல இடங்களில் கோஷம் பாட்டை முந்திக்கொண்டு ஓடுகிறது. துவக்கு, குண்டு, சனம், எழும்பு என்று சுவரில் ஸ்டென்சில் வைத்து அடித்த மாதிரிச் சொற்கள். சுவரில் அது அழகு. நாற்பது நிமிடம் காதில் வைத்துக் கேட்க அலுக்கிறது.

நானாவின் கேள்வி இங்கேதான் வருகிறது.

1990 ஒக்டோபரில் நான் ஒரு வயதுப் பிள்ளை. வெளியேறச் சொன்னது யார், எத்தனை மணித்தியாலம் தந்தார்கள், எதை எடுத்துக்கொண்டு போக விட்டார்கள் என்று இங்கே எழுதத் தேவையில்லை. இதை வாசிக்கிற பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நீங்கள் அப்போது நடக்கிற வயதில் இருந்தவர்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள். தீவிலிருந்த நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் கடல்தான் பாதை, கல்பிட்டிதான் கரை. உம்மா இந்தக் கதையை அடிக்கடி சொல்ல மாட்டா. சொன்னால் இரண்டு விஷயம் கட்டாயம் வரும். ஒன்று மழை. மற்றது போட் எஞ்சின். "எஞ்சின் சத்தம் நிண்டிரக் கூடாதெண்டு மட்டுந்தான் ஓதிக்கிட்டிருந்தன்" என்பா.

அந்தக் காதோடுதான் நான் "அருளர்" கேட்கிறேன். மாயா நமக்கு எதிராக ஒரு சொல்லும் பாடவில்லை. 1990 இல் அவர் லண்டனில் பதினைந்து வயதுப் பிள்ளை, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அல்பம் முழுக்க "நாங்கள்", "சனம்" என்று வருகிறதே, அந்த நாங்களுக்குள் எருக்கலம்பிட்டிக் கரையில் மழையில் நின்றவர்கள் இல்லை. தாராபுரம் இல்லை, முசலி இல்லை. இலங்கையைப் பற்றி உலகத்தில் லட்சக்கணக்கான பேர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது இந்த மாதிரிப் பாட்டுகளில். அவர்களுக்குத் தெரிந்த கதையில் இரண்டே தரப்பு. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது, அது இரண்டு தரப்பிலும் அடி வாங்கியது என்று சொல்ல அந்த அல்பத்தில் இடம் இருக்கவில்லை. இது என்னுடைய குறை. இந்தக் குறையோடுதான் அதைக் கேட்கிறேன். என் ஐந்தில் "அருளர்" இல்லை என்பதை நானா கவனித்திருக்க மாட்டார்.

அதே நேரம் நியாயமாகவும் பேச வேண்டும். 2009 இன் தொடக்கத்தில் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் போய் இருந்து அதைச் சொன்னவர் இவர். உலகம் காது கொடுக்கிற இடத்தில் நின்று சொன்னவர்கள் கொஞ்சப் பேர்தான். என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்களில் அந்த வருடம் வன்னியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இருந்துகொண்டு "அது பிரச்சாரம்" என்று என்னால் ஒரு வார்த்தையில் முடிக்க ஏலாது.

சரி, என் ஐந்தில் இருப்பது இரண்டாவது அல்பம். "கலா", 2007. தகப்பனுக்குப் பிறகு தாயின் பெயர். அந்தத் தாய் லண்டனில் தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். தகப்பன் பெரும்பாலும் வீட்டில் இல்லை. ஆலங்குடாவில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய் வந்து, இரவில் விளக்கு வெளிச்சத்தில் சட்டை தைத்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பெயரே எனக்குக் கொஞ்சம் கிட்ட வந்துவிட்டது.

இந்த அல்பத்தை அமெரிக்காவில் போய்ச் செய்வதுதான் திட்டம். விசாச் சிக்கல் வந்தது. நமக்குத் தெரிந்த வியாதி. போக விடாததால் போகக் கூடிய நாடுகளுக்கெல்லாம் போனார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா. போன இடத்திலெல்லாம் அந்த மண்ணின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். சென்னையில் ரஹ்மானின் ஸ்டூடியோவில் வேலை நடந்தது. உறுமி மேளத்தைக் கொண்டுவந்து வைத்து அடிக்க விட்டார்கள். "பேர்ட் ஃபுளு", "பொய்ஸ்" இரண்டிலும் அந்த உறுமிதான் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நல்ல ஹெட்செட்டில் கேளுங்கள், தோல் உரசுகிற சத்தம் கூடக் கேட்கும். சாவு வீட்டிலும் கோயில் வாசலிலும் ஒதுக்கி வைத்த வாத்தியம் ஒன்று நியூயோர்க் டான்ஸ் கிளப்பில் போய் அடிக்கிறது. அல்பத்தின் முதல் பாட்டான "பம்பூ பங்கா"வில் ஒரு மேளம் வரும், கேட்டவுடன் உங்களுக்குச் சிரிப்பு வரும். தளபதி படத்தின் "காட்டுக்குயிலு", இளையராஜா. நமது கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் எத்தனை தரம் அலறிய பாட்டு!

"ஜிம்மி" ஹிந்திப் படம் டிஸ்கோ டான்ஸரில் வந்த பாட்டை அப்படியே எடுத்துப் பாடியது, சின்ன வயதில் இவர் விருந்துகளில் ஆடிய பாட்டு. "மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்" அவுஸ்திரேலியப் பழங்குடிப் பொடியன்கள் சிலர் பாடியது. ஆற்றில் குதித்து மீன் பிடிக்கிற கதை. பேசாலைப் பொடியன்களை வைத்தும் அதே பாட்டைச் செய்யலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு "ஹஸல்". அது தொடங்குவது கேரளத்து மீனவர்கள் வள்ளம் இழுக்கும்போது போடுகிற சத்தத்தோடு. விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு முதல் தரம் கேட்டபோது எழும்பி உட்கார்ந்துவிட்டேன். அம்பா. நமது கரையில் வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்களே, அதே மூச்சு, அதே இழுவை. மொழி வேறு, கடல் ஒன்று. அதன் மேல் நைஜீரிய வம்சத்து லண்டன் பொடியன் ஒருவன், ஆஃப்ரிக்கன் பொய் என்று பெயர், வந்து நாட்டுக்கு வந்த அகதியின் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறான். இப்போது "நாங்கள்" என்ற சொல்லுக்குள் யார் யார் வந்துவிட்டார்கள் பாருங்கள். கொடியும் புலியும் இல்லாமல், வெறும் சத்தத்தாலேயே என்னையும் உள்ளே எடுத்துவிட்டார். "அருளர்" சொல்லிச் சொல்லிச் செய்ய முடியாததை "கலா" சொல்லாமல் செய்கிறது. மாயா இதை யோசித்துச் செய்தாரோ என்னவோ, விசா கிடைத்திருந்தால் இப்படி வந்திருக்காது.

பலருக்குத் தெரிந்த பாட்டு "பேப்பர் பிளேன்ஸ்". ஸ்லம்டோக் மில்லியனர் படத்திலும் வந்தது. துவக்குச் சத்தமும் கல்லாப் பெட்டிச் சத்தமும் வரும் பாட்டு. அதன் அடியில் ஓடுகிற கிட்டார் தி கிளாஷ் குழு 1982 இல் செய்த "ஸ்ட்ரெய்ட் டு ஹெல்" பாட்டிலிருந்து எடுத்தது. அதுவும் யாருக்கும் வேண்டாத அகதிகளையும் பிள்ளைகளையும் பற்றிய பாட்டு. யூடியூபில் தனியாகக் கேட்டால் வெறும் ஸ்டைல் மாதிரித் தெரியும், பாவனைத் துவக்கு. ஆனால் அல்பத்தில் அது பன்னிரண்டில் பதினோராவது. உறுமியும் அம்பாவும் ஆற்றுப் பொடியன்களும் போய் முடிந்த பிறகு வருகிறது. அப்போது அந்தத் துவக்கு, வெளிநாட்டான் எங்களைப் பார்த்தாலே அவனுக்குத் தோன்றுகிற துவக்கு என்று விளங்கும். விசா கவுன்டரில் நின்ற எவருக்கும் விளங்கும். கடைசிப் பாட்டு அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலாண்ட் செய்தது, அதை விட்டிருக்கலாம். பதினொன்றோடு நிறுத்திவிடுங்கள், ஒன்றும் குறையாது.

அதற்குப் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010 இல் வந்த "மாயா" இயந்திரச் சத்தமும் கோபமும் நிறைந்தது, முழுதாக இரண்டு தரத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. 2013 இல் "மாதங்கி". அதில் "பேட் கேர்ள்ஸ்" நல்ல பாட்டு, மொரோக்கோவில் எடுத்த வீடியோ. அரபு உடையில் பெண்கள் காரை இரண்டு சக்கரத்தில் ஓட்டுகிறார்கள். சவூதியில் பெண்கள் வாகனம் ஓட்டத் தடை இருந்த காலம், அந்தத் தடை 2018 இல்தான் போனது. வீடியோவை என் மனைவிக்குக் காட்டினேன். அவ மன்னார் வீதியில் ஸ்கூட்டி ஓட்டிப் பாடசாலைக்குப் போகிறவ. "இதுல என்ன பெரிய விஷயம்" என்று போய்விட்டா.

2016 இல் "எய்ம்". அதில் "போர்டர்ஸ்" பாட்டின் வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகு நிறைய ஆண்கள், வேலியில் ஏறுகிற ஆண்கள், நடுவில் மாயா. உலகமே அகதிகளைப் பற்றிப் பேசிய நேரம் வந்தது. படம் பிடித்த விதம் அழகு. அந்த அழகுதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. எல்லாரும் ஒரே மாதிரி, வரிசையாக, அசையாமல் இருக்கிறார்கள். உம்மா சொல்லும் படகில் யாரும் வரிசையாக இருக்கவில்லை. கிழவிகள் இருந்தார்கள், பால் குடிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள், வாந்தி எடுத்தார்கள், ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். நமது கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன தமிழ்ச் சனத்தின் படகுகளும் அப்படித்தான். 2022 இல் சாமான் விலை ஏறிப் பட்டினியில் தனுஷ்கோடிக்குப் போனவர்களும் பிள்ளை குட்டியோடுதான் போனார்கள். நேர்த்தியான அகதியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி நானாவிடம் ஒரு எதிர்க் கேள்வி. என் ஐந்தில் தினாரிவென் குழுவின் "அமன் இமன்" இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பேர் "மாஷா அல்லாஹ்" கூடப் போட்டிருந்தீர்கள். சஹாராப் பாலைவனத்து துவாரக் முஸ்லிம்கள், தலைப்பாகை கட்டி கிட்டார் வாசிக்கிறவர்கள். குழுவை ஆரம்பித்த இப்ராஹிம் அக் அல்ஹபிப், நான்கு வயதில் தகப்பன் கொல்லப்படுவதைப் பார்த்தவர். தகர டின், தடி, சைக்கிள் பிரேக் கம்பி, இதை வைத்துத்தான் முதல் கிட்டாரைச் செய்தார். அகதியாக அல்ஜீரியா, லிபியா என்று அலைந்தவர். "அமன் இமன்" 2007 இல் வந்தது, "கலா" வந்த அதே வருடம். பெயருக்குத் தண்ணீர்தான் உயிர் என்று அர்த்தம். குடிதண்ணீருக்கு பவுசர் வரும் வரை குடத்தோடு நின்ற நமக்கு அதை மொழிபெயர்க்கவே தேவையில்லை. மூன்று கிட்டார், கைதட்டல், ஒரே சுதியில் போய்க்கொண்டே இருக்கிற பாட்டு. மணலில் ஒட்டகம் நடக்கிற வேகம் என்பார்கள். எனக்கு அது கல்பிட்டி உப்பளப் பக்கம் மத்தியானத்தில் நடக்கிற வேகம்.

அவர்களும் ஆயுதம் தூக்கியவர்கள்தான். லிபியாவின் இராணுவ முகாம்களில் பயிற்சி எடுத்தார்கள். 1990 இல் மாலி நாட்டில் கிளர்ச்சி வெடித்தபோது குழுவில் சிலர் துவக்கோடு போனார்கள். ஆம், 1990. நாம் படகில் ஏறிய அதே வருடம். அவர்களுடைய கெசட்டுகள் பாலைவனத்தில் கைக்குக் கை மாறிப் பிள்ளைகளைப் போருக்கு அழைத்தன. மாலியின் வடக்கில் துவாரக் அல்லாத வேறு முஸ்லிம் சனமும் வாழ்கிறது. அங்கே என் வயதில் ஒரு வாத்தியார் இருந்தால், "அந்தக் கிளர்ச்சிக்காரன்ட பாட்டயா கேக்கிற?" என்று அவரை யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். தினாரிவென் பாட்டில் தன் சனம் எங்கே என்று அவரும் தேடியிருப்பார்.

நமக்குத் தினாரிவெனைக் கேட்க ஏன் இலகுவாக இருக்கிறது? முஸ்லிம் என்பதால் பாதி. தூரம் என்பதால் மீதி. அந்தத் துவக்கு நமது வாசலுக்கு வரவில்லை. மாயாவின் புலி நமது வாசலில் நின்ற புலி. அதனால் அந்தப் படத்தைக் கண்டு உங்களுக்குக் கை நடுங்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உங்கள் உரிமை. ஆனால் தூரத்துக் கிளர்ச்சிக்கு மாஷா அல்லாஹ்வும் கிட்டத்துக் கிளர்ச்சிக்குத் தடையும் என்றால், அந்த அளவுகோலை ஒரு தரம் திருப்பிப் பார்க்க வேண்டும். நான் இரண்டையும் ஒரே மாதிரிக் கேட்கிறேன். யார் இல்லை என்று தேடிக்கொண்டே கேட்கிறேன். சில பாட்டுகள் அப்படிக் கேட்டாலும் நிற்கின்றன. "ஹஸல்" நிற்கிறது.

மௌலவி நண்பருக்கு. நான் ஃபத்வா சொல்லும் ஆள் இல்லை, சொல்லவும் மாட்டேன். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இசை கேட்பதன் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு பாகம் எழுதியிருப்பதும், வேறு பெரும் அறிஞர்கள் கடுமையாக மறுத்திருப்பதும் உங்களுக்கு என்னைவிடத் தெரியும். என் பட்டியலில் இருந்த "டீ ஃபோர் தி டில்லர்மன்" அல்பத்தைச் செய்த கெட் ஸ்டீவன்ஸ் 1977 இல் இஸ்லாத்துக்கு வந்து, யூசுப் இஸ்லாமாகி, கிட்டார்களை ஏலத்தில் விற்றுத் தர்மம் செய்துவிட்டு விலகினார். நம்மில் பலருக்கு அவரைத் தெரிந்ததே குழந்தைகளுக்குப் பாடிய "ஏ இஸ் ஃபோர் அல்லாஹ்" மூலம்தான். பல வருடம் போன பிறகு மகன் வீட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டு வந்தான். 2006 இல் புதிய அல்பத்தோடு திரும்பி வந்தார். விட்டபோதும் மனதார விட்டார், எடுத்தபோதும் யோசித்து எடுத்தார். அவர் இத்தனை வருடம் தன்னோடு தானே பேசித் தீர்த்த விஷயத்தை நாம் கருத்துப் பெட்டியில் மூன்று வரியில் தீர்க்கப் பார்க்கிறோம். மாலியின் வடக்கை 2012 இல் பிடித்த ஆயுதக் கூட்டம் இசைக்கே தடை போட்டதும், அடுத்த வருடம் தினாரிவென் பாடகர் ஒருவரைப் பிடித்து வைத்திருந்ததும் நடந்தது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, இன்பொக்ஸில் கனிவாகக் கேட்டவர். அதனால் இதைத் தேநீரோடு நேரில் பேசுவோம்.

ஐந்தில் மற்ற இரண்டு தி கிளாஷின் "லண்டன் காலிங்", ரேடியோஹெட்டின் "ஓகே கம்ப்யூட்டர்". அவற்றைப் பற்றி ஒருவருக்கும் ஒரு கேள்வியும் இல்லை. வெள்ளைக்காரன் என்ன பாடினாலும் நமக்குப் பிரச்சினையில்லை போலும்.

கடைசியாக மீன் சந்தைத் தகப்பன். அவருடைய மகன் தரம் பதினொன்று, என் மாணவன். போனில் ஏதோ செயலி ஒன்றை இறக்கி, தானே தாளம் அடுக்குகிறான். தகப்பனுக்குக் கவலை. "சேர், நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?" என்றார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. பொடியன் ஒரு நாள் இடைவேளையில் வந்து ஹெட்செட்டை என் காதில் வைத்தான். ஒரு நிமிடம் இருபது செக்கன். தகப்பனின் போட் எஞ்சின் கயிற்றை இழுக்கிற சத்தம், எஞ்சின் இருமுகிறது, நிற்கிறது, திரும்ப இழுக்கிறார், பிடித்துக்கொள்கிறது. அந்த இருமலை வெட்டி வெட்டி அடுக்கித் தாளமாக்கியிருக்கிறான். எம்.ஐ.ஏ.யை அவன் கேள்விப்பட்டதே இல்லை, கேட்டுப் பார்த்தேன்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்றால், "சும்மா செஞ்சு பாத்தன் சேர்" என்கிறான். புத்தளத்தில் நான் படித்த காலத்தில் சிரம்பியடியில் வாழ்கிற ஆபிரிக்க வம்சத்துச் சனம் மஞ்சா பாடக் கண்டிருக்கிறேன். சிரட்டை, கரண்டி, போத்தல், கையில் கிடைத்ததெல்லாம் வாத்தியம். அவர்களும் யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்ட சனம்தான். அந்த ஞாபகம் வந்தது.

அந்த எஞ்சின் சத்தத்தைப் பொடியனின் அனுமதியோடு உம்மாவுக்குக் கேட்கக் கொடுத்தேன். பாட்டு என்று சொல்லவில்லை. முழுக்கக் கேட்டா. "ஸ்டார்ட் ஆகிட்டு" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை, போனைத் திருப்பித் தந்துவிட்டு அசருக்கு வுழூ செய்யப் போய்விட்டா.

தகப்பனிடம் நான் சொன்னது இதுதான். ஓஎல் முடியும் வரை போனை நீங்கள் வைத்திருங்கள், அதில் எனக்கும் சம்மதம், அவனுக்குக் கணிதத்தில் இருபத்தெட்டுப் புள்ளி. ஆனால் அந்த ஃபைலை மட்டும் அழிக்க வேண்டாம். அவர் "யோசிக்கிறன் சேர்" என்றார். வாங்கிய பாரை மீனுக்குக் காசு எடுக்கவும் விடவில்லை.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் "கலா"வை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஐந்தாவது பாட்டு வரும்போது வேறு வேலை செய்யாதீர்கள். இன்னுமொரு உதவி தேவை. தாழ்வுபாட்டிலோ பேசாலையிலோ வங்காலையிலோ கரைவலைக்கு இன்னும் வாய்விட்டு அம்பா பாடுகிற பெரியவர்கள் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பொடியன் கேட்டிருக்கிறான். பரீட்சை முடிந்த பிறகு கூட்டிக்கொண்டு வருகிறேன்.